பாஸ்டன் அரீனாவை மூடிவிட்டார்கள்! செல்டிக்ஸ் கூடைப்பந்து கிளப் பிறந்த வீடு அதுதான் மக்களே

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையலும் இல்லை, பனி அள்ளுகிற வேலையும் இல்லை. மனசு கேட்காமல் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். போன வீடியோவில் செயின்ட் பொடோல்ஃப் தெருவில் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? மேத்யூஸ் அரீனா. 2025 டிசம்பர் 13 அன்று அங்கே கடைசி ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. அத்தோடு மூடிவிட்டார்கள். அதே இடத்தில் புது அரங்கம் வரப்போகிறது. "பழைய கொட்டகைதானே, போகட்டும்" என்று உங்களில் பலர் சொன்னீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் கட்டடத்தின் முதல் பெயர் பாஸ்டன் அரீனா. 1910-இல் திறந்தது. 1918-இல் தீப்பிடித்தது, திரும்பக் கட்டி 1921-இல் திறந்தார்கள். 1924 டிசம்பர் 1 அன்று பாஸ்டன் ப்ரூயின்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி கிளப் அங்கேதான் தன் முதல் ஆட்டத்தை ஆடி, மாண்ட்ரியால் மரூன்ஸை 2-1 என்று ஜெயித்தது. வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இன் ஆட்டம் ஒன்று அமெரிக்க மண்ணில் நடந்தது அதுதான் முதல் தடவை. 22 வருஷம் கழித்து, அதே கூரைக்குக் கீழே பாஸ்டன் செல்டிக்ஸ். ஒரே கட்டடத்தில் இரண்டு பெரிய கிளப்புகள் தொடங்கியிருக்கின்றன. இதைப் போய்க் கொட்டகை என்பதா?

என் கட்சி இதுதான். உள்ளரங்க விளையாட்டில் கிளப் முதலில் வந்து, அதற்குப் பிறகு அரங்கம் கட்டினார்கள் என்று நினைக்கிறோம். பல ஊர்களில் தலைகீழாகத்தான் நடந்தது. கட்டடம் முதலில் வந்தது. அதில் ராத்திரிகள் காலியாகக் கிடந்தன. காலி ராத்திரியை நிரப்பத்தான் கிளப்பே பிறந்தது. நியூயார்க்கில் பாருங்கள். குத்துச்சண்டை நடத்திப் பெரிய ஆளான டெக்ஸ் ரிக்கார்ட் 1925-இல் புது மேடிசன் ஸ்கொயர் கார்டனைக் கட்டினார். அங்கே நியூயார்க் அமெரிக்கன்ஸ் என்ற ஹாக்கி கிளப் வாடகைக்கு ஆடியது. கூட்டம் வருவதைப் பார்த்தார் மனுஷர். அடுத்த வருஷமே சொந்தக் கிளப், ரேஞ்சர்ஸ்! கூடைப்பந்திலும் இதே கதைதான். 1946 ஜூன் 6 அன்று நியூயார்க்கில் கூடி, இன்றைய என்.பி.ஏ.வுக்கு மூலமான லீக்கைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஹாக்கி அரங்க முதலாளிகள். பாஸ்டன் சார்பில் போனவர் வால்டர் பிரவுன். அரீனாவும் பாஸ்டன் கார்டனும் அவர் நிர்வாகத்தில் இருந்தன. ஹாக்கி இல்லாத நாளில் விளக்கெரிய ஒரு ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். 1946 நவம்பர் 5, செல்டிக்ஸின் முதல் உள்ளூர் ஆட்டம். பெரிய அரங்கமான பாஸ்டன் கார்டனில் அன்றைக்கு ரோடியோ, அதாவது குதிரை, காளை வைத்து நடத்தும் வேடிக்கை. அதனால் ஆட்டம் அரீனாவுக்கு வந்தது. எதிரணி சிகாகோ ஸ்டாக்ஸ். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி நடக்கிறது. சக் கானர்ஸ் என்ற செல்டிக்ஸ் வீரர் பந்தை எறிகிறார். எம்பி வளையத்துக்குள் பந்தை அழுத்துகிற டங்க் எல்லாம் இல்லை மக்களே, தூரத்திலிருந்து போட்ட சாதாரண ஷாட். வளையத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பலகை, அதாவது பேக்போர்ட், சுக்குநூறாக உடைந்துவிட்டது! வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் வைக்க மறந்திருக்கிறார்கள். மாற்று பேக்போர்ட் எங்கே? கார்டனில். கார்டனில் என்ன? ரோடியோ! பேக்போர்ட் காளைகளைக் கட்டியிருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது, காளைகளை நகர்த்தித்தான் எடுத்து வந்தார்கள் என்பது கிளப்பில் பரம்பரையாகச் சொல்லும் கதை. ஆட்டம் ஒரு மணி நேரம் போல் தாமதமானது. செல்டிக்ஸ் 55-57 என்று தோற்றது. அந்தச் சக் கானர்ஸ் பிற்பாடு தொலைக்காட்சியில் பெரிய நடிகரானார்.

அப்புறம் அந்தத் தரை! செல்டிக்ஸ் என்றாலே கட்டம் கட்டமாக மரத்தரை நினைவுக்கு வரும் இல்லையா? அதுவும் அரீனாவில்தான் முதலில் போடப்பட்டது. போர் முடிந்த சமயம், நீளமான நல்ல பலகை கிடைக்கவில்லை. ஓக் மரத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஐந்தடிக்கு ஐந்தடி சதுரங்களாகச் செய்து, ஆணியும் போல்ட்டும் வைத்து முடுக்கினார்கள். பற்றாக்குறையில் பிறந்த அந்த டிசைன்தான் பிறகு உலகத்துக்கே அடையாளமானது. 1952-இல் தரையைக் கழற்றிக் கார்டனுக்கு எடுத்துப் போனார்கள். அந்த ஒரே தரையில் 16 சாம்பியன் பட்டம்!

கார்டனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். போன வாரம் ஆட்டம் பார்க்கப் போனபோது, செல்டிக்ஸ் இப்போது ஆடும் புது அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்க்கிங்கில் காருக்கு 60 டாலர் கேட்டார்கள். அறுபது! மூன்று மணி நேரம் கார் சும்மா நிற்க! அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிவிடலாம். "முடியாது" என்று வண்டியைத் திருப்பி வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆரஞ்சு லைன் ரயிலில் 2 டாலர் 40 சென்ட் கொடுத்து வந்து இறங்கினேன். இறங்கினால் நேராக அரங்கத்தின் காலடி! முதல் கால்பகுதி போனது, போகட்டும். 57 டாலர் 60 சென்ட் மிச்சம். சரி, திரும்பி வர இன்னொரு 2.40, அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1928-இல் டெக்ஸ் ரிக்கார்ட் கார்டனை நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்கு மேலேயே கட்டினார். ரயிலில் வந்து, படியேறி, ஆட்டம் பார்த்து, படியிறங்கி ரயிலேறிப் போக வேண்டும் என்ற கணக்கு. அந்த மூளையைக் கும்பிட வேண்டும்.

குத்துச்சண்டைக்காகத் திட்டமிட்ட அரங்கம் என்பதால் இருக்கைகள் ஆட்டக்காரர்களின் தலைக்கு மேலேயே தொங்குவது போல இருக்கும். கூட்டம் கத்தினால் தரை அதிரும். ஐஸ் தளமும் சின்னது, வழக்கமான 200 அடி நீளத்துக்குப் பதில் 191 அடிதான். ஏசி கிடையாது! 1984 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட். எதிரணியான லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் ஆக்சிஜன் முகமூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்டிக்ஸின் லாரி பேர்ட் 34 புள்ளி எடுத்து ஜெயிக்க வைத்தார். 1988-இல் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதியில் ஆட்டம் 3-3 என்று நிற்கும்போது மின்சாரம் போய், ஆட்டத்தையே கைவிட்டார்கள்.

1995-இல் பக்கத்திலேயே புது அரங்கம் வந்தது, 1998-இல் பழையதை இடித்தார்கள். புதியது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பந்து நின்றால் பாட்டு, விசில் ஊதினால் பாட்டு என்று ஸ்பீக்கரில் அலறவிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கத்த வந்த ஜனங்களைக் கத்த விடுங்களேன்!

இருங்கள், வால்டர் பிரவுனைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். செல்டிக்ஸ் ஆரம்ப வருஷங்களில் நஷ்டத்திலேயே ஓடியது. அவர் தன் வீட்டை அடமானம் வைத்துக் கிளப்பைக் காப்பாற்றினார். 1950-இல் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய செல்டிக்ஸ்தான். அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரரை ஒரு கிளப் தேர்வில் எடுத்தது அதுவே முதல். 1964-இல் பிரவுன் இறந்தார். ஒன்றாம் நம்பர் சட்டையை அவர் நினைவாக யாருக்கும் தருவதில்லை.

அதனால் அரீனா இருந்த இடத்தில் புது அரங்கம் கட்டுபவர்களிடம் ஒரே வேண்டுகோள். சுவரில் ஒரு மூலையில் பித்தளைத் தகடு பதித்துக் கைகழுவாதீர்கள். பேக்போர்ட் உடைந்த இடம் எது, ப்ரூயின்ஸ் முதல் கோல் போட்ட முனை எது என்று தரையிலேயே குறித்து வையுங்கள். குழந்தைகள் மிதித்து நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வீடியோ ஸ்பிரிங்ஃபீல்டில். 1891-இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஊர். அங்கே படித்த ஹாரி க்ரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனம் மைதானத்தில் விளையாடியவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், ஸ்பிரிங்ஃபீல்டில் உங்களுக்காக என்ன படம்பிடித்து வர வேண்டும் என்று கீழே எழுதுங்கள். சனிக்கிழமை காலை கிளம்புகிறேன்.