தப்பான குண்டு போட்டால் படுத்துக்கொண்டு பறக்கும்! மஸில்லோடரில் மான் வேட்டைக்கு எந்தக் குண்டு?

[திரை முழுக்க ஒரு இலக்குத் தாள். நடுவில் நீளவாக்கில் ஒரு கிழிசல்.]

இந்த ஓட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குண்டு போன இடம் வட்டமாக இருக்க வேண்டும். இது சாவித் துவாரம் மாதிரி நீண்டு கிடக்கிறது. குண்டு மூக்கை முன்னால் வைத்து வரவில்லை, படுத்த வாக்கில் வந்து தாளைக் கிழித்திருக்கிறது. துப்பாக்கியில் கோளாறு கிடையாது. குண்டும் கடையில் இருப்பதிலேயே விலை கூடியது. ஆனால் இந்தக் குழலுக்கு அந்தக் குண்டு பொருந்தாது. தாளுக்குப் பதில் அங்கே ஒரு மான் நின்றிருந்தால்? அடிபட்டுக் காட்டுக்குள் ஓடி, எங்கேயோ விழுந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதனால்தான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று பேசப்போவது அமெரிக்காவைப் பற்றி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் உரிமம், சீசன், எத்தனை மான் என்ற கணக்கு எல்லாவற்றோடும் அது நடக்கிறது.

[பழைய துப்பாக்கியின் படம். வேகமாக.]

மஸில்லோடர் என்றால் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டிக்கிற துப்பாக்கி. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே வேலைதான். இதற்கென்றே பல மாநிலங்களில் தனி மான் சீசன் உண்டு. பென்சில்வேனியாவில் சக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி தட்டும் பிளின்ட்லாக்குக்கு மட்டும் 1974 முதல் ஒரு சீசன் நடக்கிறது. வரலாறு போதும், குண்டுக்கு வருவோம்.

[குழலின் உட்புறம், வளைந்து ஓடும் பள்ளங்கள்.]

குழலுக்குள் திருகு மாதிரி பள்ளங்கள் ஓடுகின்றன, தெரிகிறதா? குண்டைச் சுழற்றுவது இவைதான். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பதுதான் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பழைய பாணித் துப்பாக்கிகளில் 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீ வைக்கும் இப்போதைய இன்லைன் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒன்று. 1970இல் வந்த தாம்சன் சென்டர் ஹாக்கன் என்ற துப்பாக்கி 48 அங்குலத்தில் நடுவாக நின்றது. உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சியே போதும். குண்டு நீள நீள வேகமான சுழற்சி வேண்டும். 66 அங்குலக் குழலில் நீளமான குண்டைப் போட்டால் என்ன ஆகும் என்று முதலில் காட்டிய தாளே சொல்லும்.

[மேசையில் ஈய உருண்டை, பக்கத்தில் கோடு போட்ட துணி.]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அவசரப்படாமல் பாருங்கள்.

இது 50 காலிபர் துப்பாக்கி. குழலின் உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 0.500. வழக்கமாக இதில் போடும் உருண்டையின் விட்டம் 0.490. குழலைவிடச் சின்னது! தனியாகப் போட்டால் லொடலொடவென்று உருண்டு உள்ளே போய்விடும். அப்புறம் பள்ளங்கள் அதை எப்படிப் பிடிக்கும்?

துணிதான் பிடிக்கிறது. உருண்டையைச் சுற்றி ஒரு துண்டுப் பருத்தித் துணியை வைத்து அழுத்துகிறார்கள். துணியின் கனம் 0.015 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 0.030. உருண்டையோடு கூட்டினால் 0.520. இப்போது குழலைவிடப் பெரியது! துணி நசுங்கிப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. சுடும்போது பள்ளம் துணியைச் சுழற்றுகிறது, துணி குண்டைச் சுழற்றுகிறது. ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை. குழலைவிட்டு வெளியே வந்ததும் துணி கழன்று கீழே விழுந்துவிடும், உருண்டை மட்டும் போகும். எத்தனை அழகான ஏற்பாடு!

[தரையில் கிடக்கும் துணித்துண்டை ஒரு கை எடுக்கிறது. மிக அருகில்.]

இதைவிட அழகு, அந்தத் துணி பேசும். சுட்டவர் சில அடி முன்னால் நடந்துபோய் விழுந்த துணியைப் பொறுக்கி, விரித்துப் பார்ப்பார். இந்தத் துண்டில் நடுவில் கரி படிந்திருக்கிறது, ஓரம் லேசாகப் பிரிந்திருக்கிறது, கிழிசல் இல்லை. எல்லாம் சரி. அடுத்ததில் நடுவில் எரிந்து பொத்தல். துணி மெல்லிசு, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை, சூடான வாயு கசிந்திருக்கிறது. மூன்றாவதில் சம இடைவெளியில் கத்தியால் கீறினாற்போல் வெட்டு. புதுக் குழலின் கூரான விளிம்புகள் அறுத்திருக்கின்றன. குண்டு ஏன் விலகிப் போனது என்பதற்குத் துணியே சாட்சி. பாலியஸ்டர் கலந்த துணி மட்டும் வேண்டாம், உள்ளே உருகிவிடும். இலக்குத் தாளில் சுடும்போது எச்சில் தொட்டே துணியை ஈரப்படுத்துவார்கள். வேட்டைக்கு அது ஆகாது. கெட்டித்த துப்பாக்கி மணிக்கணக்கில் காத்திருக்கும், ஈரம் காய்ந்துவிடும், குழல் துருப்பிடிக்கும். அதற்கு எண்ணெயோ கொழுப்போதான்.

உருண்டையில் ஒரு குறை. காற்று அதைச் சீக்கிரம் மடக்கிவிடும். 0.490 உருண்டையின் எடை சுமார் 177 கிரெயின், அதாவது 11.5 கிராம். 100 கஜம் போவதற்குள் வேகத்தில் கணிசமான பங்கை இழக்கும். எடை கூட்ட வேண்டுமானால் விட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும். 54 காலிபருக்குப் போங்கள்: உருண்டை 0.530. விட்டம் 8 சதவீதம்தான் கூடியது, எடை சுமார் 224 கிரெயின் ஆகிவிட்டது, கால் பங்குக்கு மேல்! மரங்கள் அடர்ந்த காட்டில் 50, 60 கஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு இந்த உருண்டை தாராளம். என் ஓட்டு இதற்குத்தான்.

[கூம்பு வடிவ ஈயக் குண்டு.]

கோனிக்கல். முழு ஈயம், 300, 400 கிரெயின்கூட இருக்கும். எல்க் என்ற ராட்சத மான் போன்ற பெரிய உடம்புக்கு அருமை, வெள்ளைவால் மானுக்கு அவ்வளவு தேவையில்லை. தோளில் உதையும் பலம். துணி இல்லாததால் துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து நடக்கும்போது சில குண்டுகள் முன்னால் நகரும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழலே வீங்கலாம், வெடிக்கலாம். கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்து அடிக்கடி சரிபாருங்கள்.

[பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் செருகிய செம்பு நிறக் குண்டு.]

சேபோ. 45 காலிபர் குண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து 50 காலிபர் குழலில் போடுவது. வெளியே வந்ததும் உறை விரிந்து கழன்றுவிடும். 28 அங்குலக் குழல், தொலைநோக்கி, 150 கஜம் என்றால் இதுதான். கைத்துப்பாக்கிக்கு வார்த்த குண்டை இதில் செருகாதீர்கள். கிட்டத்தில் வேகம் தாங்காமல் சிதறக்கூடும். மஸில்லோடருக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

[அமெரிக்க வரைபடம்.]

ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முன்பே சட்டம் தேர்ந்தெடுத்திருக்கும்! கொலராடோவின் மஸில்லோடர் சீசனில் சேபோவுக்குத் தடை. கோனிக்கலின் நீளமும் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. காரணம் கான்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும்போது ஈயத் துகளும் வயிற்றுக்குள் போய்விடும். 1982இல் உலகத்திலேயே 22 கான்டோர்கள்தான் மிச்சம். அங்கே செம்பு போன்ற ஈயம் இல்லாத குண்டுதான் போட வேண்டும். நியாயமான சட்டம் என்பேன்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: கரிமருந்துத் துப்பாக்கியில் இன்றைய புகையில்லா மருந்தைப் போடவே கூடாது. குழல் கையிலேயே வெடிக்கும்.

[சுடும் களம். தாளில் மூன்று ஓட்டைகள்.]

எதை வாங்கினாலும் சீசனுக்கு முன்பே மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குழலைத் துடைத்துவிட்டுக் கெட்டியுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் அந்த வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பெட்டியில் அச்சடித்த தூரம் கணக்கில் சேராது.

உருண்டையா, சேபோவா? உங்கள் கட்சி எது என்று கமெண்டில் எழுதுங்கள். துணியை வெட்டி, எண்ணெய் தடவி, கெட்டிப்பது வரை அடுத்த வீடியோவில் முழுசாகக் காட்டுகிறேன், சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.