முதலில் வரைவோம், பிறகு தாரை வெட்டுவோம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்!

பள்ளி முற்றத்தை ஊர்ப் பூங்காவாக்க முதல் செலவு மரத்துக்கா, தார்த் தரையில் விளையாட்டுக் கோடும் வண்ணமும் தீட்டும் தரை ஓவியத்துக்கா? ஓவியத்துக்கே என்கிறது எங்கள் அணி. மரமே முதலில் என்ற எதிரணித் தலைவர் நியூயார்க்கைச் சாட்சிக்கு இழுத்தார். நல்லது, அங்கேயே போவோம். 2007-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அறிவித்த இலக்கு, யார் வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா. அதற்கு அந்த ஊரில் காலி நிலம் ஏது? பள்ளிகளின் தார் முற்றங்களைத்தான் வகுப்பு முடிந்த பிறகும் விடுமுறையிலும் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வேலையில் இறங்கிய தி டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற தொண்டு அமைப்பு, முற்றத்தை அளந்து வடிவமைக்கும் பொறுப்பில் மாணவர்களையே சேர்த்துக்கொண்டது.

பிள்ளைகள் போட்ட வரைபடம் சரிதானா என்பது காகிதத்தில் தெரியாது. தரையில் முழு அளவில் வரைந்தால்தான் தெரியும். கட்டத்துக்கு ஒருவராய் நின்று பந்தைத் தட்டி ஆடும் நான்கு கட்டப் பந்தாட்டத்துக்கு 16 அடிக்கு 16 அடி வேண்டும். அதைக் கூடைப்பந்துக் கோட்டை ஒட்டிப் போட்டால், இந்தப் பிள்ளை பின்வாங்கி அந்தப் பிள்ளைமேல் மோதுவது உடனே தெரிந்துவிடும். கோட்டை மாற்ற ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் போதும். குழி தோண்டி வைத்த மரத்தை அப்படி நகர்த்த முடியுமா, நடுவர் அவர்களே?

"பெயின்ட் உரிந்துபோகும்" என்றார்கள். அடிப்படை வேலையை விட்டால் உரியத்தான் செய்யும். புதிதாகப் போட்ட தாரில் ஒரு மாதமாவது கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து பிடிப்பைக் கெடுக்கும். பழைய தார் என்றால் விரிசலை அடைத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம்தான்.

பனி காய்ந்த பிறகு, 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போது அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். தடிப்பாக ஒரே பூச்சில் முடித்தால் மேலே காயும், உள்ளே காயாது. சொரசொரப்பான தாரில் லிட்டருக்கு 4 அல்லது 5 சதுர மீட்டர் என்றே கணக்கு வையுங்கள். பெரிய வண்ணப் பரப்பில் நுண்மணல் கலக்காவிட்டால் மழையில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள்.

நிழலுக்கு மரம் வேண்டும், மறுக்கவில்லை. வெளிர்நிறம் தரைச் சூட்டைத் தணிக்கும்; நிழல் தராது. ஆனால் மரத்தை எங்கே வைப்பது? பெயின்ட் முதலில் உரிவது தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். ஆகவே, வரைவதற்கு முன்பே மழை விட்டதும் தேங்கிய நீரின் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றிக் குறியுங்கள். அதற்குள் பூச வேண்டாம். அடுத்த வருஷம் தாரை வெட்டி, சரளையும் மண்ணும் நிரப்பி, எதிரணி கேட்கும் மரத்தை அங்கேயே வையுங்கள். இந்த வரிசைக்குத்தான் தீர்ப்பு கேட்கிறோம். வணக்கம்.