‘வேண்டாம்’ என்றவரிடம் கேட்கும் கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

2006 மே மாதம் ஒரு வாக்கெடுப்பு முடிந்தது. இன்றைய வைஃபை ரவுட்டர்களுக்கு அப்பன் பாட்டன் முறை வரும் 802.11என் என்ற தரத்தின், அதாவது வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதித்தொகுப்பின், முதல் வரைவுக்கு நடந்த வாக்கெடுப்பு அது. ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பில் இத்தகைய வலையமைப்புத் தரங்களை எழுதும் 802 குழுவின் விதிப்படி, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 75 பேராவது ‘சரி’ என்றால்தான் வரைவு கரையேறும். கிடைத்தது 46.6 சதவீதம். பாதிகூடத் தேறவில்லை. போதாக்குறைக்கு ஏறத்தாழ 12,000 கருத்துரைகள் வேறு வந்து குவிந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்தப் பணிக்குழு, போட்டியிட்ட அணிகள் சேர்ந்து கொடுத்த கூட்டு முன்மொழிவை ஒருமனதாக ஏற்றிருந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நான்கு மாதத்தில் அந்த ஒருமனது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. எதிர்ப்பு முன்பே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. இழுபறியில் சலித்துப்போனவர்கள் ‘முதலில் ஒரு வரைவு கையில் இருக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தலையாட்டியதும் ஒருமனதுதான் என்று பதிவாகும். என்னைக் கேட்டால், ஒரு குழுவில் எல்லோரும் சட்டென்று ஒத்துப்போனால் தலைவர் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

சரி, 2009 செப்டம்பரில் அதே தரம் ஒப்புதல் பெற்றது. நடுவில் மூன்றாண்டுகள். அடிப்படைத் தொழில்நுட்பம் அப்போதும் அதேதான்: பல ஆன்டெனாக்கள், அகலமான சேனல்கள் (தரவு போகும் அலைவரிசைப் பாதைகள்). ‘வேண்டாம்’ என்றவர்கள் எப்படி ‘சரி’ என்றார்கள்?

அந்தக் குழுக்களில் ‘வேண்டாம்’ என்று வாக்களிப்பது சும்மா இல்லை. கருத்துரை எழுதாமல் வெறுமனே எதிர்த்தால், சதவீதக் கணக்கில் அது எதிர்ப்பாகவே சேராது. எழுதுவதற்கு ஒரு அட்டவணை உண்டு. எந்தப் பிரிவு, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, என்ன குறை, அந்த இடத்தில் என்ன வாசகம் வர வேண்டும் என்று வரிசையாக நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: இதைத் தீர்த்தால்தான் உங்கள் வாக்கு மாறுமா, ஆமா இல்லையா? என்னைப் பொறுத்தவரை மொத்த நடைமுறையின் உயிரும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அங்கே எழுத முடியாது. என்ன கொடுத்தால் சம்மதிப்பாய் என்று எதிராளியையே எழுத வைக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஒவ்வொரு வரிக்கும் குழு பதில் எழுத வேண்டும். ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தீராத எதிர்ப்புகளை மூடி மறைக்கவும் வழியில்லை. திருத்திய வரைவு மறு வாக்கெடுப்புக்குப் போகும்போது அவையும் கூடவே போகும். ஏற்கெனவே ‘சரி’ என்றவர் அவற்றைப் படித்துவிட்டு, ‘அட, இவர் சொல்வதும் நியாயம்தானே’ என்று மனம் மாறலாம். 12,000 கருத்துரைகளில் நிறைய, ஒரே விஷயத்தைப் பல பேர் எழுதியவையும் எழுத்துப்பிழை வகையறாவும்தான். ஆனாலும் அத்தனைக்கும் பதில் போக வேண்டும். பிரித்து அடுக்கி, சிறு குழுக்களுக்குப் பங்குபோட்டு முடித்தார்கள். அலுப்பான வேலை. இதற்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

எதிர்ப்பைச் சமாளிக்க இன்னொரு வழியும் உண்டு, மிகச் சுலபமானது. ஆங்கிலத் தர ஆவணங்களில் ‘ஷால்’ என்று எழுதினால் செய்தே ஆக வேண்டும். ‘மே’ என்று எழுதினால் விருப்பம்போல் செய்துகொள்ளலாம். இரண்டு அணி மோதுகிறதா? இரண்டையும் ‘மே’ ஆக்கிவிட்டால் போயிற்று, ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பலாம். 1997-இல் வந்த முதல் 802.11 தரத்தைப் பாருங்கள். இரண்டு விதமான ரேடியோ, மூன்றாவதாக அகச்சிவப்பு என ஒரே தரத்துக்குள் மூன்று இயற்பியல் அடுக்குகள், அதாவது தரவை அலையாக்கி அனுப்பும் மூன்று முறைகள். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அகச்சிவப்பைச் சந்தையில் யாரும் சீண்டவே இல்லை.

வைமேக்ஸுக்கு அடிப்படையான 802.16-இலும் இதே கதைதான். அகலப்பட்டைக் கம்பியில்லா இணைப்புக்கென்றே 1999-இல் தொடங்கிய குழு அது. 2001-இல் ஒப்புதலான முதல் தரம் 10 முதல் 66 கிகாஹெர்ட்ஸ் வரை, நேர்ப்பார்வையில் இருக்கும் ஆன்டெனாக்களுக்கானது. பிறகு 11 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினார்கள். 2004 பதிப்பில் ஒற்றை அலை முறை இரண்டு, 256 புள்ளி ஓஎஃப்டிஎம், 2048 புள்ளி ஓஎஃப்டிஎம்ஏ என்று தரவை அலையில் ஏற்றும் நான்கு முறைகள், எல்லோருக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது. தரத்துக்கு இணங்கிய இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசாமலேயே இருக்கலாம் என்ற நிலை! எதை எடுப்பது, எதை விடுவது என்று சுருக்கப் பட்டியல் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வேலை, நிறுவனங்களின் கூட்டமைப்பான வைமேக்ஸ் ஃபோரம் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்தில் தவிர்த்த சண்டையை இரண்டாவது கூட்டத்தில் போட்டார்கள், அவ்வளவுதான்.

யாருமே விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 802.15.3ஏ இருக்கிறது. குறைந்த தூரத்தில் மிக வேகமாகத் தரவு அனுப்பும் அல்ட்ரா வைட்பேண்ட் தரத்துக்கான பணிக்குழு. இருபதுக்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றுக்குப் பெரும்பான்மை கிடைக்கும், 75 சதவீதம் மட்டும் கிடைக்காது. மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி அதே முடிவு. 2006 ஜனவரியில் குழுவைக் கலைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஒரு தீர்மானத்தில் மட்டும் இரு தரப்புக்கும் ஒத்துப்போயிற்று! 802.11என் காரர்கள் ஒருமனதாகக் கைகுலுக்கிய அதே மாதம்.

அப்படியானால் 75 அதிகமா, 51 போதாதா என்று கேட்கலாம். 51 பேர் ஆதரித்த தரத்தை 49 பேர் தயாரிக்க மறுத்தால் அது தரமே இல்லை, ஒரு தரப்பின் வெற்றி. கம்பியில்லா உலகில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தோற்றவரும் அதே காற்றில்தான் அலை அனுப்புவார். இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஈடிஎஃப் இதற்காகவே எண்ணிக்கையை நம்புவதில்லை. அங்கே தலைவர் கேட்டால் அறையில் இருப்பவர்கள் வாயைத் திறக்காமல் ‘ம்ம்ம்’ என்று முனகுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்பதோடு நிற்பதில்லை. சத்தம் குறைந்த பக்கத்தின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாகிவிட்டதா என்பதும் முக்கியம்.

எண்ணினாலும் யாரை எண்ணுகிறோம் என்ற சிக்கல் இருக்கிறது. 802-இல் வாக்குரிமை பொதுவாகத் தனி மனிதருக்கு, நிறுவனத்துக்கு இல்லை. தொடர்ந்து கூட்டங்களுக்கு வந்து அதைச் சம்பாதிக்க வேண்டும். ஆனால் பயணச் செலவைக் கொடுப்பது யார்? மொபைல் அகலப்பட்டைக்கான 802.20 குழுவில் வெளிப்படைத்தன்மை இல்லை, ஒரு தரப்பு ஆதிக்கம் செலுத்துகிறது என்று புகார்கள் எழுந்து, 2006 ஜூனில் அதன் வேலையையே அக்டோபர் 1 வரை நிறுத்தி வைத்தார்கள். பின்னர் நிறுவனத்துக்கு ஒரு வாக்கு என்று முறையை மாற்றினார்கள். 2008-இல் தரம் வந்தது. அதற்குள் சந்தை வேறு பக்கம் போய்விட்டது.

மறுபடி 802.11என்னுக்கு வருகிறேன். அங்கே நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த விஷயம் சேனலின் அகலம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் இருப்பதே 83.5 மெகாஹெர்ட்ஸ்; 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் மூன்றுதான் ஒன்றோடொன்று உரசாமல் நிற்கும். புதிய தரமோ 40 மெகாஹெர்ட்ஸ் கேட்டது. பக்கத்தில் ஓடும் பழைய வைஃபையும் புளூடூத்தும் என்ன ஆகும்? வேகம் வேண்டும் என்றவர்கள் சொன்னதும் சரி, இடம் போதாது என்றவர்கள் சொன்னதும் சரி.

இங்கே ‘மே’ போட்டுத் தப்பித்திருக்கலாம். கடைசியில் வந்த தீர்வில் 40 அனுமதிக்கப்பட்டது, ஆனால் அக்கம்பக்கத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடுகள் வந்தன. கூடவே, ஒவ்வொரு கருவியும் தன் திறனை அறிவிக்கும் செய்தியில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) ஒதுக்கினார்கள். பெயர் ‘ஃபார்ட்டி மெகாஹெர்ட்ஸ் இன்டாலரண்ட்’, அதாவது ‘40 மெகாஹெர்ட்ஸைப் பொறுக்க முடியாது’. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கருவி அந்த பிட்டை 1 என்று வைத்து அனுப்பினால், அதைக் கேட்ட ரவுட்டர் 40-ஐ விட்டு 20-க்கு இறங்கியாக வேண்டும். அங்கே 75 சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரே ஒரு கருவி ‘வேண்டாம்’ என்றால் போதும்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.