ஒரே கோர்ட்டுல எதிரி, ஒரே பாலிசியில கூட்டாளி

(திரை: நெடுஞ்சாலை ஓரம் நசுங்கின கார், பக்கத்துல லாரி)

ஒரு கற்பனை கேஸ். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம். லாரி மோதி ஒருத்தருக்குப் பலத்த அடி. லாரி கம்பெனியும் ஒஹாயோ, அடிபட்டவரும் ஒஹாயோ. இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் இல்லினாய்ஸ். "இந்த விபத்து பாலிசிக்குள்ள வராது"ன்னு அது கையை விரிச்சிடுது.

லாரி கம்பெனி மாநில கோர்ட்டுல கேஸ் போடுது. பிரதிவாதி இன்சூரன்ஸ் கம்பெனி. கூடவே அடிபட்டவரும்! அவரை ஏன் இழுக்கணும்? தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தணும், அது நியாயம்தான். இன்னொரு காரணத்தை மனுவுல யாரும் எழுத மாட்டாங்க.

(திரை: ரெண்டு தட்டு உள்ள தராசு)

மாநிலச் சட்ட வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குள்ள, அதாவது மத்திய அரசோட கோர்ட்டுக்குள்ள, நுழையணும்னா, பொதுவா எந்த வாதியும் எந்த பிரதிவாதியும் ஒரே மாநிலத்தவரா இருக்கக் கூடாது. 1806-லேர்ந்து இதுதான் விதி. தொகையும் 75,000 டாலரைத் தாண்டணும். இங்க ரெண்டு பக்கமும் ஒஹாயோ. கதவு மூடியாச்சு. மனுவுல எழுதாத காரணம் இதுதான்: கேஸ் மாநில கோர்ட்டுலயே நிக்கணும்.

இன்சூரன்ஸ் வக்கீல் விடுவாரா? 30 நாளுக்குள்ள கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்தி, "அடிபட்டவர் தப்பான பக்கத்துல நிக்கிறார்"ங்கிறார்.

யோசிச்சா சரிதான். விபத்து வழக்குல அவரும் லாரி கம்பெனியும் எதிரிங்க. ஆனா இங்க கேள்வி, பாலிசி பணம் தருமா தராதா? தரணும்னுதான் ரெண்டு பேருக்கும் ஆசை. பாலிசி இல்லன்னா, அவர் ஜெயிச்சாலும் வசூலிக்க மிஞ்சுறது அந்தப் பழைய லாரிதான். அதனால நீதிபதி அவரை வாதி பக்கம் நகர்த்துறார். இப்போ ஒஹாயோவுக்கு எதிரா இல்லினாய்ஸ். கதவு திறந்தாச்சு.

(திரை: 1941, உச்ச நீதிமன்றம்)

இதே கத்தி எதிர்ப்பக்கமும் வெட்டும். நியூயார்க்கின் சேஸ் பேங்க், இண்டியானாபொலிஸ் நகரத்து மேலயும் உள்ளூர் எரிவாயு கம்பெனி மேலயும் ஃபெடரல் கோர்ட்டுல வழக்கு போட்டுச்சு. சண்டையே ஒரு 99 வருஷக் குத்தகை செல்லுமாங்கிறதுதான். அதுல எரிவாயு கம்பெனி பேங்க் கட்சி. நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் அதை வாதி பக்கம் மாத்தினார். ரெண்டு பக்கமும் இண்டியானா ஆயிடுச்சு. 5-4 தீர்ப்பு. பல வருஷம் நடந்த வழக்கு, அதிகாரமே இல்லன்னு விழுந்துச்சு. வக்கீல் ஃபீஸை நினைச்சா எனக்கே வயித்தைக் கலக்குது.

அந்தத் தீர்ப்பை எல்லாரும் ஒரே மாதிரி படிக்கலைங்கிறதுதான் சிக்கல். ஒஹாயோ அடங்கின ஆறாவது சர்க்யூட் (சில மாநிலங்களுக்குப் பொதுவான ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்), "முக்கியச் சண்டை எது?"ன்னு மட்டும் கேட்கும். சிகாகோவுல இருக்கிற ஏழாவது சர்க்யூட்டோ, எதிரெதிரா நிக்கிற அந்த ரெண்டு பேருக்குள்ள நிஜமான வேற சண்டை இருந்தாலே பக்கம் மாத்தத் தயங்கும்.