சுண்டுவிரல் அடிக்கிற 'ஏ'

(நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பயிற்சியைப் பற்றிப் பேசுங்கள் என்று நூலகத்தில் கூப்பிட்டார்கள். மனிதர் பழகுவதோடு இப்போது கம்ப்யூட்டர் பழகுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் 31 வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். மெஷின் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் கண்ணில் வருவது ரெமிங்டன் டைப்ரைட்டர்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலை ஆறு மணி பேட்ச். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இதைச் சொன்னதும் இங்கே சிலருக்கு விரல் தானாக அசைந்திருக்கும், எனக்குத் தெரியும். முதல் வாரம் முழுக்க இந்த ஒரு வரிதான். பிள்ளைகள் பேப்பரை உருவிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நான் முதலில் எழுத்தைப் பார்க்க மாட்டேன், மையைப் பார்ப்பேன். எஃப் கறுப்பாக விழுந்திருக்கும். டி-யும் அப்படியே. எஸ் கொஞ்சம் வெளுக்கும். ஏ இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏ இடது சுண்டுவிரலின் எழுத்து. வேறு எந்த வேலையிலும் அந்த விரலை யாரும் நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை.

ஒரு பெண்ணிடம் "ஏ-வை அழுத்தி அடிம்மா" என்றேன். மறுநாள் வந்த பேப்பரில் ஏ இருந்த இடமெல்லாம் பொத்தல். அதோடு போகவில்லை. சுண்டுவிரலுக்குப் பலம் கொடுக்க அவள் மணிக்கட்டையே தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறாள். அதில் மற்ற மூன்று விரல்களும் இடம் மாறி, நேற்று வரை சரியாக விழுந்த எஸ்ஸும் டி-யும் குழம்பிவிட்டன. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. எவ்வளவு திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து "நேற்றைவிட ஒரு நூல் கூட" என்றுதான் சொல்வேன். மூன்று வாரத்தில் அவளுடைய ஏ கறுத்தது.

இன்னொரு பையன். சுறுசுறுப்பானவன். "பத்து பேப்பர் அடிச்சிட்டேன் டீச்சர்" என்று தினமும் வருவான். பத்திலும் 'தி' என்ற ஆங்கிலச் சொல்லில் ஹெச்சும் ஈ-யும் இடம் மாறியிருக்கும். நாலு மாசம். பிழையை அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அடுத்த பேப்பரைச் சொருகிவிடுவான். அவன் விரல்கள் சும்மா இருக்கவில்லை, நன்றாகவே படித்தன. படித்ததுதான் தப்பான சொல். திரும்பத் திரும்பச் செய்வது எதைக் கொடுத்தாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சரி எது, தப்பு எது என்று அது கேட்காது. கடைசியில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேஜையில் ஸ்கேலால் தட்டினேன். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. தப்பு விழுந்த அதே நொடியில் நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பேப்பர். பத்துப் பேப்பரில் வராதது அதில் வந்தது.

இந்த இரண்டு பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

1959-ல் அமெரிக்காவில் ஐபிஎம்மில் வேலை பார்த்த ஆர்தர் சாமுவேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மெஷின் லேர்னிங், அதாவது மெஷின் தானே கற்றுக்கொள்வது என்ற பெயரை உலகத்தில் பரப்பியது அந்தக் கட்டுரை. அவர் எடுத்துக்கொண்டது செக்கர்ஸ் ஆட்டம். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் காயைக் குறுக்காக நகர்த்தி, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டுகிற ஆட்டம். கம்ப்யூட்டருக்கு அதைப் பழக்க அவர் இரண்டு வழிகளைச் செய்து பார்த்தார்.

முதல் வழி மனப்பாடம். ஆடிய ஆட்டங்களில் வந்த நிலைகளை அவற்றின் மதிப்போடு சேர்த்துச் சேமித்து வைப்பது. அதே நிலை மறுபடி வந்தால் எடுத்துப் பார்ப்பது. இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. யாரிடம் எத்தனை காய், யாருக்கு நகர இடம் அதிகம், நடுக்கட்டம் யார் கையில் என்று சில அம்சங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தார், அது எவ்வளவு முக்கியம் என்று காட்டுகிற ஓர் எண். அப்புறம் புரோகிராமை இரண்டாக்கி ஒன்றோடு ஒன்றை ஆடவிட்டார். ஒன்றுக்கு ஆல்ஃபா என்று பெயர், மற்றதற்கு பீட்டா. ஆல்ஃபா ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் தன் கணிப்பையும், சில நகர்வுகள் தள்ளிப் பார்த்தால் தெரிகிற நிலையையும் ஒப்பிட்டு எடைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். பீட்டா அந்த ஆட்டம் முடியும்வரை மாறாது. ஆல்ஃபா ஜெயித்தால் அதன் எடைகளை பீட்டா வாங்கிக்கொள்ளும். மறுபடி ஆட்டம். 8 அல்லது 10 மணி நேரம் இப்படி ஆடினால், புரோகிராமை எழுதியவரைவிட அது நன்றாக ஆடக் கற்றுக்கொள்ளும் என்று சாமுவேல் எழுதினார்.

என்னை நிறுத்தி வைத்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். மனப்பாடம் செய்த புரோகிராம் ஆட்டத்தின் தொடக்கத்தில் நன்றாக ஆடியது, முடிவிலும் சில நிலைகளை அடையாளம் கண்டுகொண்டது. நடு ஆட்டத்தில் திணறியது. எடை மாற்றிப் பழகியது நடு ஆட்டத்தில் நன்றாக ஆடியது, ஆனால் வழக்கமான தொடக்க நகர்வுகளை அது கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. இந்த இரண்டு பேரையும் நான் பரீட்சை ஹாலில் பார்த்திருக்கிறேன். பழைய கேள்வித்தாளின் ஸ்பீடு பாசேஜை நூறு தடவை அடித்துவிட்டு வருகிற பிள்ளை, புதுப் பாசேஜில் நாலாவது வரியில் தடுமாறும். கை நன்றாக ஓடுகிற இன்னொரு பிள்ளை, லெட்டரில் தேதியை எங்கே போட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்யாமல் வந்து மார்க்கை விடும். இரண்டும் வேண்டும். எதை எதற்கு என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு நம் போனில் பேசுகிற புரோகிராம்களுக்குள் எடைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவ்வளவில் தப்புக்கு எது எவ்வளவு பொறுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு எடைக்கும் தப்பில் அதனதன் பங்கைப் பிரித்துக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் 1986-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலானது. ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் மையைப் பார்த்து எந்த விரலின் குறை என்று சொல்வதும் அந்த வகை வேலைதான் என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கும் என் பொத்தல் பிரச்சினை இருக்கிறது. ஒரு தடவையில் அதிகமாகத் திருத்தினால் இலக்கைத் தாண்டிப் போய், ஏற்கெனவே சரியாக இருந்ததும் கலைந்துவிடும். அதனால் திருத்தத்தின் அளவுக்கென்றே ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். அதைச் சின்னதாக வைக்கிறார்கள்.

அடுத்தது, பழக ஆரம்பித்த எல்லோரையும் கைவிட வைக்கிற ஒரு கட்டம். நிமிஷத்துக்கு 20 சொல், 25 சொல் என்று ஏறிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று நின்றுவிடும். ஒரு மாசம் ஆனாலும் ஏறாது. அம்மாக்கள் வந்து கேட்பார்கள், "இதுக்கு மேல இவளுக்கு வராதா?" என்று. 1897-லேயே பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு பேர் தந்தி ஆபரேட்டர்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தந்தியைக் கேட்டு வாங்கும் வேகம் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்கும், அப்புறம் மறுபடி ஏறும். எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, சொல்லை ஒரே ஒலியாகக் கேட்கத் தயாராகிற காலம் அது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். டைப்பிங்கில் அது நடப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். டக், டக், டக் என்று தனித்தனியாக வந்த சத்தம் ஒரு நாள் டர்ரக் என்று ஒரே சத்தமாக வரும். மூன்று எழுத்து ஒரு சொல் ஆகிவிட்டது. அடிக்கிற பிள்ளைக்கே அது தெரியாது. நான் போய்ச் சொல்வேன்.

வேகமாக முடிக்க வேண்டும் என்று தினமும் இரண்டு மூன்று பேட்ச் உட்கார ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குக் கீபோர்டு பழக்கிய ஆய்வு ஒன்றை ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-ல் வெளியிட்டார்கள். ஒரு குழு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை. ஒரு மணி நேரக்காரர்கள் சுமார் 55 மணி நேரத்தில் எட்டியதை எட்ட நாலு மணி நேரக்காரர்களுக்குச் சுமார் 80 மணி நேரம் ஆனது. ஆனால் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்தவர்கள் அந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். நாட்கணக்கில் தாங்கள் பின்தங்கியதாக அவர்களுக்குத் தோன்றியது. நன்றாகப் பழகுகிறவர்களுக்கே தாங்கள் நன்றாகப் பழகுவது தெரியவில்லை, பாருங்கள்.

இடைவெளியில் மூளை சும்மா இருப்பதில்லை. 2002-ல் மேத்யூ வாக்கரும் உடன் பணியாற்றியவர்களும், பழக்கமில்லாத கையால் நாலு கீயில் ஒரு வரிசையை அடிக்கச் சொன்னார்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தவர்கள், நடுவில் பழகாமலே சுமார் 20 சதவீதம் வேகமாக அடித்தார்கள். அதற்கு முன்பே, 1994-ல், எலிகளிடம் ஒன்று தெரியவந்தது. பகலில் எலி நடந்த இடங்களில் சேர்ந்து துடித்த மூளைச் செல்கள் அது தூங்கும்போது மறுபடி சேர்ந்து துடித்தன.

கம்ப்யூட்டருக்குத் தூக்கம் இல்லை, ஆனால் மறதி பயங்கரமாக உண்டு. 1989-ல் மெக்லாஸ்கி, கோஹன் என்பவர்கள் ஒரு செயற்கை நரம்பு வலைக்கு, அதாவது இப்படி எடைகளை மாற்றிப் பழகுகிற ஒரு புரோகிராமுக்கு, ஒன்றைக் கூட்டும் கணக்குகளைப் பழக்கினார்கள். கற்றுக்கொண்டது. அப்புறம் இரண்டைக் கூட்டும் கணக்குகளை மட்டும் பழக்கினார்கள். ஒன்றுக் கணக்கு அடியோடு போய்விட்டது. புதுசு வந்து பழசைத் துடைத்துவிட்டது. இதற்குக் கிடைத்த மருந்துகளில் ஒன்று, பழைய அனுபவங்களைச் சேமித்து வைத்துப் புதியவற்றோடு கலந்து திரும்பக் கொடுப்பது. இதைப் படித்தபோது எனக்கு இன்ஸ்டிட்யூட்டில் நிற்பது போலவே இருந்தது. மேல் வரிசை கற்கும் பிள்ளையும் ஏ எஸ் டி எஃப் அடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். ஹையர் என்கிற மேல்நிலைப் பரீட்சை எழுதப் போகிறவரும் அதை அடித்துவிட்டுத்தான் உட்காருவார். "இது எதுக்கு டீச்சர், தெரிஞ்சதுதானே" என்று முகம் சுளித்தவர்களுக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

சரி, இவ்வளவு ஒற்றுமை சொல்லிவிட்டேன். பெரிய வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். டீப்மைண்ட் என்ற கம்பெனி 2017-ல் செய்த ஆல்ஃபாஸீரோ என்ற புரோகிராம், செஸ் விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிப் பழகியது. 9 மணி நேரத்தில் 4 கோடியே 40 லட்சம் ஆட்டம். அதற்காக ஆயிரக்கணக்கான சிப்கள் ஒரே நேரத்தில் ஓடின. நம் பிள்ளை ஒரு நாளைக்கு பத்து ஆட்டம் ஆடினாலும் அந்தக் கணக்கு முடிய 12,000 வருஷம் ஆகும். மனிதருக்கு வாய்ப்பது கொஞ்சம் முயற்சிதான். அதனால் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்க வேண்டியது. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது.

குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க வருஷங்களில் அவரைச் செஸ் எஞ்சின், அதாவது நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம், பக்கம் விடவில்லை. எஞ்சினுக்கு விடை தெரியும். ஆனால் விடை தெரியாமல் பலகையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒன்றைத் தீர்மானித்து, அது தப்பு என்று அப்புறம் தெரிந்துகொள்கிறானே, அந்த அரை மணி நேரம்தான் பிள்ளையின் சொத்து. வீட்டுப்பாடக் கட்டுரையைப் போனில் கேட்டு எழுதி வாங்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. போன்மேல் கோபம் இல்லை, அது நன்றாகவே எழுதுகிறது. நீ முதலில் எழுது, அப்புறம் அதனிடம் காட்டி எங்கே தப்பு என்று கேள். அப்போது உனக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு ஒரு டீச்சர் உட்கார்ந்த மாதிரி. முதலிலேயே அதை எழுதச் சொன்னால் பத்து பேப்பர் அடித்த பையனுக்குக் கிடைத்ததுகூட உனக்குக் கிடைக்காது.

கடைசியாக என் அண்ணன். இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்தவர் அவர்தான். பேசிக்கொண்டே நிமிஷத்துக்கு 60 சொல் அடிப்பார், மெஷினைப் பார்க்க மாட்டார். போன ஆடி மாசம் ஸ்ட்ரோக் வந்து வலது கை போனது. கொஞ்சம் அசைவு திரும்பியதும், பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிற தம்பி அவருடைய நல்ல கைக்கு, இடது கைக்கு, தடிமனான ஓர் உறையை மாட்டிவிட்டார். எங்களுக்கு அதிர்ச்சி. இருக்கிற ஒரு கையையும் கட்டுவார்களா? எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை அது. நல்ல கை வேலையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் பலவீனமான கை முயற்சியையே மறந்துவிடுமாம். 2006-ல் 222 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. அப்படிப் பழகியவர்களுக்குக் கை கூடுதலாகத் தேறியிருந்தது. எல்லோருக்கும் பொருந்தாது, ஓரளவாவது விரல் அசைய வேண்டும்.

அண்ணனுக்குக் கொடுத்திருக்கிற பாடம் புளியங்கொட்டை. தட்டில் 40 கொட்டை. வலது கையால் ஒன்றொன்றாக எடுத்துச் சொம்பில் போட வேண்டும், பத்து நிமிஷம். முதல் நாள் இரண்டு. ஒரு மாசம் ஏழிலேயே நின்றது. அந்த மாசம் அவர் தட்டைத் தள்ளிவிட்டார், நான் தந்தி ஆபரேட்டர் கதையைச் சொன்னேன், கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். மறுநாள் தட்டை அவரே இழுத்துக்கொண்டார். நேற்று 27. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துவிட்டன, சுண்டுவிரல் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது.

தினமும் ஏழு மணிக்கு உட்காருவார். கீழே விழுந்ததை எண்ணிச் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும். மணி ஆறே முக்கால் ஆகிறது, நான் கிளம்புகிறேன். வணக்கம்.