வாங்கின சபை கொடுக்கும்போது

(கிருஷ்ணகிரி வட்டாரச் சபை ஒன்றின் அறுப்பின் பண்டிகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆயர் அவர்களே, மூப்பர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாரே, வாலிபர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இன்னும் சற்று நேரத்தில் வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கிவிடும். கேழ்வரகு மூட்டை, தேங்காய், பூசணி, சேவல் எல்லாம் பந்தலில் தயாராக இருக்கின்றன. ஐம்பது ரூபாய்ப் பூசணியை ஐந்நூறுக்கு எடுத்து, மறுபடியும் ஏலத்துக்கே கொடுப்பவர்கள் நீங்கள். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று பேசத்தான் வந்தேன்.

"நம்ம ஊரிலேயே இத்தனை கஷ்டம் இருக்கும்போது வெளியூருக்கு எதற்கு?" என்று எந்தச் சபைக் கமிட்டியிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதையே வேறொரு தேசத்துச் சபையார் கேட்டு, அதோடு நிறுத்தியிருந்தால்? 1895-இல் தியோடர் நேத்தர் என்ற மிஷனரி இந்தக் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கினார். அவரை அனுப்பியது அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை. ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறியவர்களின் சபை அது. கிருஷ்ணகிரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் காணிக்கை போட்டார்கள். நேத்தர் 1904-இல் பிளேக் நோயில் இறந்துபோனார். நாம் வாங்கினவர்கள். வாங்கினவர்களுக்குக் கடன் உண்டு.

இது நான் புதிதாகச் சொல்வதல்ல. ரோமருக்கு எழுதின நிருபம் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் இதையே சொல்கிறார். கிரேக்க தேசத்துப் பக்கத்துச் சபைகளான மக்கெதோனியாவும் அகாயாவும் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தன. ஆவிக்குரிய நன்மையை எருசலேமிலிருந்து பெற்றவர்கள், சரீர நன்மையால் அதைத் திருப்ப வேண்டிய கடனாளிகள் என்கிறார். இதில் மக்கெதோனியர் வசதியானவர்களும் அல்ல. தரித்திரத்தில் இருந்தவர்கள், தங்கள் உதவியை ஏற்றுக்கொள்ளும்படி வருந்திக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று இரண்டாம் கொரிந்தியர் 8 சொல்கிறது.

சரி, கடனை யாருக்குக் கட்டுவது? முதலில் நம் தெருவில் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஃபுளோரைடு அப்படியே நிற்கும்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் நம் ஊர்களுக்கு வந்தது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள். அதனால் சபை நல்ல எண்ணத்தில் ஒரு போர்வெல் போட்டு, மேலே பெயர்ப் பலகையும் வைத்து, அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் விட்டால் அது சேவையே அல்ல. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு எப்படி இருந்தாலும் தமிழில் எழுதிக் குழாயடியில் ஒட்டுங்கள். ஆலயத்தின் அகலமான கூரையில் விழும் மழை சும்மா சாக்கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அதை வடிகட்டித் தொட்டியில் பிடித்தால், நம் சபையார் அல்லாத வீடுகளும் சமையலுக்கு எடுத்துப் போகலாம்.

அப்புறம் ஓசூர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள் அங்கே தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். தூரதேசம் என்று நாம் நினைத்த இடம் நம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பெங்களூருவில் சித்தாள் வேலைக்கு நிற்பதுபோலத்தான் அவர்களும் இங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குத் துணி மூட்டையைவிட, இந்தி தெரிந்த ஒரு வாலிபன் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது பெரிய உதவி. சொந்த மாநிலத்து ரேஷன் அட்டையை வைத்து இங்கேயும் அரிசி வாங்க வழி இருக்கிறது; அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

தூரத்துக்குக் கொடுக்கப் பணக்காரச் சபையாக இருக்க வேண்டுமா? மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்களைப் பாருங்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே 1910-இல் தொடங்கியது. அந்த அரிசியை விற்ற காசில் ஊழியர்களை வெளியே அனுப்புகிறார்கள். நம் தாய்மாரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை அறிந்தவர்கள்தான். அதில் ஒரு பங்கை, நாம் முகம் பார்க்கப்போகாத ஓர் ஊரின் வெள்ளத்துக்கோ பஞ்சத்துக்கோ என்று ஒதுக்குங்கள். கணக்கு வெளியிடுகிற அமைப்பின் வழியாக மட்டும் அனுப்புங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உதவி பெறுகிறவர் ஆலயத்துக்கு வருகிறாரா என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். இயேசு சொன்ன உவமையின் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திரும்பி வருவேன் என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பண்டிகைக்கு ஒரு நாள் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், மறுநாள் அந்த வீட்டில் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

இன்றைய ஏலப் பணத்தை மூன்றாகப் பிரிக்கக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்: மழைத்தொட்டிக்கு ஒன்று, ஓசூர்ப் பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கு ஒன்று, தூரத்து ஊருக்கு ஒன்று. வரவு செலவை அடுத்த அறுப்பின் பண்டிகையில் இதே மேடையில் வாசியுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை நாளைக்கே எடுத்துப் போக இரண்டு வாலிபர்கள் இப்போதே கை தூக்குங்கள்.