மைனர்ஸ் ரைட் கையில இருக்கு, வேலிக்குள்ள போகலாமா? விக்டோரியாவில் தங்கம் தேடுறவங்க கேட்ட சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மெல்போர்ன்ல இருக்கிற ஒரு நண்பர் அனுப்பியிருக்கார். அப்படியே படிக்கிறேன். "மைனர்ஸ் ரைட் எடுத்தாச்சு, மெட்டல் டிடெக்டரும் வாங்கியாச்சு. பெண்டிகோ பக்கம் வார இறுதியில குடும்பத்தோட போகலாம்னு இருக்கோம். வேலி போட்ட இடத்துக்குள்ள போகலாமா? பண்ணைக்காரர்கிட்ட வாய்வார்த்தையா கேட்டா போதுமா? கிடைச்ச தங்கம் எனக்கா, நிலத்துக்காரருக்கா, அரசாங்கத்துக்கா? ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போகலாமா?"

நல்ல கேள்வி. மைனர்ஸ் ரைட்டுங்கிறது ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநில அரசு தங்கம் தேடுறவங்களுக்குக் குடுக்கிற அனுமதிச் சீட்டு. இந்தக் கேள்வியில ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. ஒரு நிலத்துல கால் வைக்கிற உரிமை வேற, அந்த மண்ணுல இருக்கிற தங்கத்துக்கான உரிமை வேற. ரெண்டுக்கும் ஒரே காகிதம் போதும்னு நினைச்சுத்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

முதல்ல தங்கம். விக்டோரியாவுல மண்ணுக்கடியில இருக்கிற தங்கம் அரசுக்குச் சொந்தம். தனியார் பட்டா நிலமா இருந்தாலும் அப்படித்தான். பண்ணைக்காரருக்குப் புல் சொந்தம், மேல்மண் சொந்தம், வாசல் கதவு சொந்தம். அடியில இருக்கிற தங்கம் அவரோடது இல்ல. மைனர்ஸ் ரைட் வெச்சிருக்கிறவர், போக அனுமதி இருக்கிற இடத்துல, விதிப்படி அதைத் தோண்டி எடுத்தா, மண்ணுலேருந்து பிரிஞ்ச அந்தத் தங்கம் அவருக்குச் சொந்தமாயிடும். இவ்வளவு கிராமுக்கு மேல எடுக்கக்கூடாதுங்கிற வரம்பு விக்டோரியாவுல கிடையாது. வெச்சுக்கலாம், விக்கலாம். மைனர்ஸ் ரைட் இல்லாம எடுத்தீங்கன்னா அந்தத் தங்கம் சட்டப்படி உங்களோடது ஆகாது.

இந்த மைனர்ஸ் ரைட்டுக்கு 30 டாலர் பக்கம்தான் ஆகும், 10 வருஷம் செல்லும். ஆனா அது தலைக்கு ஒண்ணு. கணவர்கிட்ட இருக்குன்னு மனைவியும் டிடெக்டர் பிடிக்க முடியாது. வேற யார் பேருக்கும் மாத்தவும் முடியாது. தேடப் போகும்போது கூடவே இருக்கணும், அதிகாரி கேட்டா காட்டணும். மாநில எல்லை தாண்டினா செல்லாது. நியூ சவுத் வேல்ஸ்ல மைனர்ஸ் ரைட்டுங்கிற முறையே இல்ல. அங்க காட்டுக்குத் தனி பெர்மிட், எடுக்கிற அளவுக்கும் வரம்பு உண்டு. குயின்ஸ்லாந்துக்குத் தனி லைசென்ஸ். வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுலயும் மைனர்ஸ் ரைட்டுன்னு அதே பேர்தான், ஆனா அது அந்த மாநிலத்தோட சட்டம், விதிகளும் வேற.

ஒரு சின்ன வரலாறு. 1854-ல பல்லாரட்ங்கிற ஊர்ல தங்கம் தோண்டினவங்க கிளப்பின யுரேக்கா கலவரம் நடந்ததே, அது லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்துத்தான். அடுத்த வருஷம் அதை எடுத்துட்டு வருஷத்துக்கு 1 பவுண்டுன்னு மைனர்ஸ் ரைட் கொண்டுவந்தாங்க. அப்போ அதை வெச்சிருந்தவர் தனக்குன்னு ஒரு துண்டு நிலத்தைக் குறிச்சு வெச்சுக்கலாம், ஓட்டுகூடப் போடலாம். இப்போ இருக்கிற மைனர்ஸ் ரைட்ல அதெல்லாம் இல்ல. "இது என் இடம்"னு கயிறு கட்ட முடியாது. நீங்க நகெட் (இயற்கையான தங்கக் கட்டி) எடுத்த குழிக்குப் பக்கத்துலயே இன்னொருத்தர் வந்து தேடினா ஒண்ணும் சொல்ல முடியாது. அமெரிக்க வீடியோ பார்த்துட்டு வர்றவங்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம்.

இப்போ இடத்துக்கு வருவோம். மைனர்ஸ் ரைட் உங்களை உள்ள விடுறது பொதுவான அரசு நிலத்துக்குள்ள, அதாவது கிரவுன் லேண்ட். ஸ்டேட் ஃபாரஸ்ட் பெரும்பாலும் சரி. தேசியப் பூங்கா பொதுவா கூடாது. ஆனா விதிவிலக்கு இருக்கு: கிரேட்டர் பெண்டிகோ, ஹீத்கோட்-கிரேடவுன், சில்டர்ன்-மவுண்ட் பைலட் மாதிரி சில பூங்காக்கள்ல குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் திறந்து விட்டிருக்காங்க. குயூரா, பேடிஸ் ரேஞ்சஸ் மாதிரி ஸ்டேட் பார்க்குகள்லயும் அப்படித்தான். பூங்கா முழுக்க இல்ல, கோடு போட்ட பகுதி மட்டும். தேடவே கூடாதுன்னு விலக்கி வெச்ச ஆறு, ஓடைகளும் இருக்கு. மண்ணை அலசுற பான் (தட்டு) எடுத்துட்டுத் தண்ணிக்குப் போறவங்க இதை முதல்ல பாருங்க.

எப்படிப் பார்க்கிறது? ரெண்டு வழி சொல்றேன். ஃபோன்ல 'மோர் டு எக்ஸ்ப்ளோர்'னு மாநில வனத்துறையோட ஆப் இருக்கு. காட்டுல நிக்கிற இடத்துலயே, தேட அனுமதி இருக்கா இல்லையான்னு வரைபடத்துல தெரியும். சிக்னல் கிடைக்காத இடம் நிறைய, அதனால வரைபடத்தை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க. ரெண்டாவது 'ஜியோவிக்', இணையத்துல இருக்கிற அரசாங்க வரைபடம். அதுல மூணு அடுக்கைச் சேர்த்து ஆன் பண்ணுங்க: நிலம் அரசா தனியாரா, பூங்காவும் விலக்கப்பட்ட பகுதியும், அப்புறம் சுரங்க லைசென்ஸ்.

லைசென்ஸ் அடுக்குலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. ஒரு கம்பெனி எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸ், அதாவது கனிமம் இருக்கான்னு ஆராயுற உரிமம், வாங்கியிருந்தா, வரைபடத்துல பெரிய பெரிய கட்டமா நிறம் பூசியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த நிலத்துல நீங்க மைனர்ஸ் ரைட்டோட தேடலாம். ஆனா மைனிங் (சுரங்கம் நடத்துற) லைசென்ஸும் ப்ராஸ்பெக்டிங் (சின்ன இடத்துல தேடி எடுக்கிற) லைசென்ஸும் வேற. அதை வெச்சிருக்கிறவங்க சம்மதம் இல்லாம உள்ள போகக்கூடாது. ப்ராஸ்பெக்டிங் லைசென்ஸ் அதிகபட்சம் 5 ஹெக்டேர்தான், வரைபடத்துல பொட்டு மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பார்க்கலைன்னா கண்ணுல படாது.

பழைய லிஸ்ட்டை நம்பாதீங்க. 2021-ல மாநில அரசு பிரனீஸ், மவுண்ட் புவாங்கோர், வோம்பட்-லெர்டெர்டெர்க்னு மூணு புது தேசியப் பூங்கா வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க. இப்படி நிலத்தோட வகை மாறும்போது விதியும் மாறும். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை வரைபடத்தைப் பார்த்துடுங்க.

சரி, வேலி. வேலியும் எல்லையும் ஒண்ணு இல்ல. ஆத்தோரம் அரசு நிலமா இருக்கும், பண்ணைக்காரர் மேய்ச்சலுக்கு லைசென்ஸ் வாங்கி வேலி போட்டிருப்பார். இன்னொரு பக்கம் வேலியே இல்லாம காடு மாதிரி கிடக்கும், அது தனியார் நிலமா இருக்கும். அதனால கம்பியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வரைபடத்துல நிலத்துண்டைத் தொட்டுப் பாருங்க. அரசு நிலம்தான்னு தெரிஞ்சாலும், மாடு மேயுற வேலிக்குள்ளன்னா லைசென்ஸ்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறதுதான் என் அபிப்பிராயம். வாக்குவாதத்துல ஜெயிச்சு யாருக்கும் நகெட் கிடைச்சதில்ல.

தனியார் நிலம்னா சம்மதம் இல்லாம வாசலைத் தாண்டவே கூடாது. குத்தகைக்கு விட்டிருந்தா குத்தகைக்காரர்கிட்டயும் பேசுங்க, ஏன்னா ஆடு மாடு அவரோடது. வாசல்ல பயோசெக்யூரிட்டி போர்டு (நோய், களை பண்ணைக்குள்ள வராம தடுக்க வைக்கிற அறிவிப்பு) இருந்தா அதுல எழுதினபடிதான் நடக்கணும்: முதல்ல ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கும், பூட்ஸ் கழுவச் சொல்லியிருக்கும். மீறினா தனியா அபராதம் உண்டு.

வாய்வார்த்தை போதுமான்னு கேட்டீங்க. உள்ள போக அது போதும். ஆனா தங்கம் கிடைக்கிற வரைக்கும்தான் வாய்வார்த்தை இனிக்கும். ஒரு பக்கத்துக்கு எழுதிடுங்க, வக்கீல் வேண்டாம். யார் யார், எந்த வயல், எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரை, வண்டி உள்ள வரலாமா, நாய் வரலாமா, கதவு திறந்திருந்தது திறந்தபடி மூடியிருந்தது மூடினபடி, குழியை அன்னைக்கே மூடணும், எப்போ வேணா அவர் நிறுத்தச் சொல்லலாம். அப்புறம் பங்கு. சட்டம் பங்கு நிர்ணயிக்கல, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதுதான். பாதிக்குப் பாதி பேசுறவங்களும் உண்டு, வருஷக் கடைசியில ஒரு நகெட் குடுத்தாப் போதும்னு சொல்றவங்களும் உண்டு.

பங்கு எழுதும்போது ரெண்டு இடத்துல சண்டை வரும். ஒண்ணு, எடை. தங்க வியாபாரத்துல அவுன்ஸ்னா ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். சமையலறைத் தராசு காட்டுற அவுன்ஸ் 28.35 கிராம். ஒருத்தர் இதுல நிறுத்து இன்னொருத்தர் அதுல கணக்குப் போட்டா, பத்து சதவீதம் பக்கம் காணாமப் போன மாதிரி இருக்கும். கிராம்லயே எழுதுங்க, ஒரே தராசுல ரெண்டு பேரும் பார்த்து நிறுத்துங்க. ரெண்டு, நகெட்டை வெட்டிப் பிரிக்கக் கூடாது. நல்ல வடிவத்துல இருக்கிற நகெட்டுக்கு, வெள்ளைக்கல்லோட ஒட்டினதுக்கு, உருக்குற விலையைவிட அதிகமா குடுக்கிற சேகரிப்பாளர்கள் இருக்காங்க. வித்துப் பிரிக்கிறதா, இல்ல ஒருத்தர் வெச்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு அன்றைய விலைக்குப் பணம் குடுக்கிறதான்னு முன்கூட்டியே முடிவு பண்ணிடுங்க. கிடைச்ச அன்னைக்கே ஃபோட்டோ, எடை, வயல் பேர், தேதி ஒரு நோட்டுல ஏறட்டும்.

கருவி விஷயம் சுருக்கமா. தோண்டுறதுக்கு கைக்கருவி மட்டும்: பிக், மண்வெட்டி, சல்லடை, பான். எஞ்சின் வெச்ச எதுவும், வெடி, கூடாது. ஆத்துல மண்ணை உறிஞ்சி எடுக்கிற டிரெட்ஜ் விக்டோரியாவுல தடை. மரம், செடியை வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது. அயர்ன்பார்க் மரத்தோட வேருக்கு நடுவுல டிடெக்டர் சிக்னல் வந்தா, வேரை வெட்டாம எட்டுற வரைக்கும்தான் தோண்டணும், எட்டலைன்னா விட்டுடணும். பழங்குடி மக்களோட தொல்லிடம், பொருள் எதையும் தொடக்கூடாது. பெண்டிகோ பகுதி ஜா ஜா வுர்ரங் மக்களோட மண். அங்க சில பூங்காக்களோட நிர்வாகத்துல அவங்களுக்கும் பங்கு இருக்கு.

பழைய நாணயம், பாட்டில், சுரங்கக் கருவி இதெல்லாம் கனிமம் இல்ல. மைனர்ஸ் ரைட் கனிமத்துக்கு மட்டும்தான். பதிவு பண்ணின தொல்லியல் இடத்துல அனுமதி இல்லாம டிடெக்டர் போடுறதே குற்றம்.

குழி மூடுறதுல சோம்பல்பட்டுத்தான் நம்ம எல்லாருக்கும் வாசல் அடைபடுது. தோண்டுறதுக்கு முன்னாடி சருகை ஒரு பக்கம் ஒதுக்குங்க. ஒரு தார்பாயில மேல்மண், அடிக்களிமண் ரெண்டையும் தனித்தனியா போடுங்க. சிக்னல் குடுத்த பொருளை எடுத்ததும் குழியில மறுபடி டிடெக்டரோட காயிலை (அடிவட்டு) விட்டுப் பாருங்க, கீழ இன்னொண்ணு இருக்கலாம். அப்புறம் களிமண் முதல்ல, மிதிச்சு, மேல்மண் மேல, மிதிச்சு, கடைசியில சருகு. மேய்ச்சல் நிலத்துல அரைக்குழி விட்டா மாட்டுக் கால் முறியும், அடுத்த வருஷம் அந்தப் பண்ணைக்காரர் யாரையும் விடமாட்டார். கிடைக்கிற ஈயக் குண்டு, ஆணியைத் திரும்பக் குழியில போடாதீங்க, பையில எடுத்துட்டு வாங்க. பழைய சுரங்கக் கிணறுகள் புதர் மூடிக் கிடக்கும், குழந்தைகளைக் கண்ணுக்கெட்டுற தூரத்துலயே வெச்சுக்கோங்க.

கடைசியா ஊருக்கு எடுத்துட்டுப் போறது. இந்தியாவுல பயணிகளுக்குக் குடுக்கிற வரியில்லாச் சலுகை நகைக்குத்தான். நகெட் நகை இல்ல, அதனால அந்தக் கணக்குல வராது. எடை, எடுத்த இடம், மைனர்ஸ் ரைட் நகல், இல்ல ஒரு வியாபாரியோட மதிப்பீட்டுச் சீட்டு, இதெல்லாம் கையில வெச்சுக்கிட்டு விமான நிலையக் கஸ்டம்ஸோட ரெட் சேனல்ல போய் டிக்ளேர் பண்ணி வரி கட்டிடுங்க. அன்பளிப்பாக் குடுக்கணும்னா, இங்கயே வித்துட்டு அந்தப் பணத்துல அங்க போய் நகை எடுத்துக் குடுக்கிறது சுலபம்.